சுரைக்காயும் சுக்கினியும்

கேள்வி: 2020-இல் கொரோனாவின்போது அமெரிக்காவில் இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவு தரும் உணவு வங்கிகள் முன் கார்கள் வரிசைகட்டி நின்றனவே, அக்கம்பக்கத்தார் பொது இடத்தில் பயிரிடும் சமூகத் தோட்டங்கள் அங்கே உதவினவா? (ஒரு வாசகி, திருநெல்வேலி)

பதில்: உதவின. ஆனால் பசி முழுவதையும் அவை தீர்த்தன என்று சொன்னால் அது கதை. உணவு வங்கியில் டின் பீன்ஸ் கிடைக்கும், பறித்த அன்றே வரும் கீரை கிடைப்பது அபூர்வம். அந்தக் குறையைத்தான் இந்தத் தோட்டங்கள் கொஞ்சம் அடைத்தன. சியாட்டில் நகரில் 1973 முதல் இருக்கும் 'பி-பேட்ச்' என்ற சமூகத் தோட்டங்களில் தானத்துக்கென்றே தனிப் பாத்திகள் உண்டு. 'பசித்தவருக்காக ஒரு வரிசை கூடுதலாக நடுங்கள்' என்ற இயக்கம் 1995-இல் அலாஸ்காவில் தொடங்கியது. அப்புறம், நல்லெண்ணத்தோடு உணவு கொடுப்பவரை வழக்கிலிருந்து காக்க 1996-இல் சட்டமும் வந்தது.

என் மாடியில் சுரைக்காய் காய்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவையே திறப்பதில்லை. அமெரிக்கர்களுக்குச் சுக்கினி என்ற பூசணி வகைக் காய் அப்படியாம்!