குட்டன்பெர்க் உண்மையில் எதைக் கண்டுபிடித்தார்?

சீனாவில் 11ஆம் நூற்றாண்டிலேயே பி ஷெங் சுடுமண் எழுத்துகளைக் கோத்து அச்சிட்டிருக்க, கொரியாவில் 1377இல் உலோக எழுத்துகளால் நூலே வெளிவந்திருக்க, ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்துக் குட்டன்பெர்க்கை மறுமலர்ச்சிக் காலத்தின் பெரும் கண்டுபிடிப்பாளராகக் கொண்டாடுவது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரி என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்தப் பெருமை அச்சு இயந்திரத்துக்கு உரியதன்று. திராட்சை பிழியும் திருகு அழுத்தி ஐரோப்பாவில் ஏற்கெனவே பழகிய கருவிதான். உண்மையான புதுமை எழுத்து வார்ப்பில் இருந்தது. அவருடைய பட்டறையில் தொடங்கிப் பின்னர் நிலைபெற்ற முறைப்படி, எஃகில் செதுக்கிய எழுத்தைச் செம்பில் அறைந்து பள்ளமாக்கி, அதைக் கையடக்க வார்ப்புக் கருவியில் பொருத்தி, ஈயம், வெள்ளீயம், ஆண்டிமனி கலந்த உருக்கை ஊற்றினால், ஒரே உயரமுள்ள எழுத்துகளை வேண்டிய அளவு வார்த்தெடுக்கலாம். உயரம் மயிரிழை பிசகினாலும் பக்கம் சீராகப் பதியாது என்பதால், இந்தத் துல்லியமே என்னை மிகவும் வியக்க வைக்கிறது.

நீர் கலந்த மை உலோகத்தில் சரியாக ஒட்டாததால் எண்ணெய் மையையும் அவர் உருவாக்கினார். 1455 வாக்கில் முடிந்த பக்கத்துக்கு 42 வரிகள் கொண்ட விவிலியம் சுமார் 180 படிகள் அச்சானது. லத்தீன் எழுத்துகள் எண்ணிக்கையில் குறைவு என்பதும் அவருக்குப் பெரிதும் துணைநின்றது; ஆயிரக்கணக்கான வடிவங்கள் கொண்ட சீன எழுத்துமுறைக்கு அந்த வாய்ப்பு இல்லை.