போகிமான்: எதில் தொடங்கலாம்? கேள்வி பதில்

கேள்வி: போகிமான் என்ற கற்பனை உயிரினங்களைப் பிடித்துச் சண்டையிட வைக்கும் இந்த வீடியோ கேம்களை 1996-இல் இருந்து வரிசையாக ஆடினால்தான் கதை புரியுமா?

பதில்: தேவையே இல்லை. பெரும்பாலும் ஒவ்வொன்றும் புது ஊர், புதுப் பிள்ளை, புதுக் கதை. பிளாக் 2, ஒயிட் 2 என்ற இரண்டு கேம்களை மட்டும் முதலில் எடுக்காதீர்கள், அவை பிளாக், ஒயிட் கதை முடிந்து இரண்டு வருடம் கழித்து நடப்பவை.

கேள்வி: 1996-இல் வந்த ரெட்தானே அசல்? அதையே முதலில் ஆடட்டுமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. எனக்கு அது உயிர், அதனால்தான் சொல்கிறேன். பையில் 20 வகைப் பொருள்தான் வைக்கலாம், போகிமான் பெட்டி நிறைந்துவிட்டால் கணினியைத் தேடிப்போய் வேறு பெட்டிக்கு மாற்றும்வரை புதிதாக ஒன்றைக்கூடப் பிடிக்க முடியாது, அப்புறம் சைக்கிக் (மனோசக்தி) வகைப் போகிமான்களை அடக்க உருப்படியான எதிர்வகையே கிடையாது. இதே கதையை, இந்தக் கோளாறுகளைச் சரிசெய்து, கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்கு 2004-இல் ஃபயர்ரெட் என்று கொண்டுவந்தார்கள். அதை ஆடு.

கேள்வி: வீட்டில் பழைய டிஎஸ் (நின்டெண்டோவின் கையடக்கக் கேம் கருவி) கிடக்கிறது. எது வாங்கலாம்?

பதில்: பிளாக் அல்லது ஒயிட், யோசிக்காமல். 2010-இல் வந்தபோது 156 புதுப் போகிமான்களைக் கொண்டுவந்து, முக்கியக் கதை முடியும்வரை அவற்றை மட்டுமே காட்டில் விட்டார்கள். அதனால் பழைய ஆளாக இருந்தாலும் சரி, நேற்று வந்தவராக இருந்தாலும் சரி, எதிரே நிற்பது என்னவென்று இருவருக்குமே தெரியாது. புதிதாக வருபவருக்கு இதைவிட நல்ல வாசல் இந்தத் தொடரில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஹார்ட்கோல்டையும் பலர் சொல்வார்கள். இரண்டு நிலப்பகுதி, 16 பேட்ஜ் (ஜிம் என்ற சண்டைக்கூடத்தின் தலைவரை வென்றால் கிடைப்பது), அருமையான கேம்தான். ஆனால் நடுவில் காட்டுப் போகிமான்களின் லெவல் ஏறவே ஏறாது, பொறுமை வேண்டும். இரண்டாவதாக ஆடுங்கள்.

கேள்வி: போகிமான் கோல்ட் கேமின் பழைய கார்ட்ரிட்ஜ் வாங்கினேன், சேவ் நிற்கவில்லை.

பதில்: உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்திருக்கும். அதில் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால் சீக்கிரம் தீரும். சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றலாம். ஃபயர்ரெட்டில் சேவுக்கு பேட்டரியே தேவையில்லை.

கேள்வி: மகளுக்கு 7 வயது, வீட்டில் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவி இருக்கிறது.

பதில்: லெட்ஸ் கோ பிகாச்சு, அல்லது ஈவி. காட்டில் எதிர்ப்படுவதோடு பெரும்பாலும் சண்டை கிடையாது, கையை வீசிப் பந்தை எறிந்து பிடிக்க வேண்டியதுதான். இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்து நீங்களும் கூடவே சேர்ந்துகொள்ளலாம். தமிழ் கிடையாது, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொல்லுங்கள், அந்த வயதில் அதுவே பாதி சந்தோஷம்.

கேள்வி: அதே ஸ்விட்சில் ஆடும் ஸ்கார்லெட் கேம் எப்படி?

பதில்: எந்த ஜிம்முக்கும் எந்த வரிசையிலும் போகலாம், ஆனால் ஜிம்மின் லெவல் உங்களுக்கு ஏற்ப மாறாது, வழி தவறினால் நசுங்கிவிடுவீர்கள். அதனால் முதல் கேமாக நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஃபயர்ரெட்டில் முதல் போகிமான் எது எடுக்க?

பதில்: புல்பசார் எடுத்தால் முதல் இரண்டு ஜிம்மும் சுலபம், ஒன்று பாறை, ஒன்று நீர். சார்மாண்டருக்கு அங்கேதான் திண்டாட்டம். ஆனாலும் மனசு அதில் இருந்தால் அதையே எடுங்கள். லெவல் 13-இல் மெட்டல் கிளா என்ற தாக்குதலைக் கற்றுக்கொள்ளும், பாறை ஜிம்முக்கு அது போதும்.