வாய் ஓரத்துப் புண்ணும் மாம்பாலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் தோப்பில் காய் வந்ததும் என் மகளுக்கு வாய் ஓரம் வெந்து கொப்பளிக்கிறது. 'மாங்காய்ச் சூடு, மோர் குடி' என்கிறார் என் அம்மா. அதே அம்மாதான் மாவிலையால் பல் தேய்க்கச் சொல்கிறார், வயிற்றுப்போக்குக்கு மாம்பருப்பைக் காயவைத்துப் பொடித்துக் கொடுக்கிறார். இந்த மரம் மருந்தா, விஷமா?

எம்., கோவிந்தாபுரம்

அன்புள்ள எம்.,

சூடு என்றால் புண் ஏன் உதட்டோரத்தில் மட்டும் வருகிறது? காயின் காம்பும் தோலும் பட்ட இடம் அதுதான். காரணம் காம்பிலிருந்து பீச்சும் பால். உங்கள் பக்கத்து மலையாளிகள் 'சுன' என்பார்கள். பாலக்காட்டு முதலமடைத் தோப்புகளில் ஜனவரியிலேயே காய் பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். பறிக்கிறவர்களின் முழங்கையைப் பாருங்கள், சுன பட்ட கருப்புத் தழும்பு இருக்கும். காயைக் கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிடுவதும் இதனால்தான். வடியாத பால் பட்டால் காயின் தோலே கருகிவிடும், உங்கள் மகளின் தோல் எம்மாத்திரம்!

மாமரம் முந்திரியின் குடும்பம். சேராங்கொட்டையும் அதே குடும்பம்தான். பச்சை முந்திரிக்கொட்டையைக் கடித்து உதடு வெந்தவர்களுக்கு இது புரியும் (நான் கடித்திருக்கிறேன், எட்டு வயதில்). மூன்றின் பாலிலும் தோலை எரிக்கும் ஒரே வகைப் பொருள்கள் உண்டு. சேராங்கொட்டையைச் சித்த வைத்தியர்கள் சுத்தி செய்யாமல் (அதன் நச்சை நீக்காமல்) மருந்தில் சேர்ப்பதில்லை. மாம்பழச் சதையில் இந்தப் பொருள் மிகக் குறைவு. அதனால் வேறு யாராவது தோலைச் சீவி, நறுக்கிக் கொடுத்தால் பெரும்பாலும் அவளால் சாப்பிட முடியும். சாப்பிட்டதும் வாயைக் கழுவட்டும். தோலோடு கடித்துச் சப்பக் கூடாது. முகமோ கண்ணோ வீங்கினால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

மாம்பருப்பு துவர்ப்பு. அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள்தான் வயிற்றைக் கட்டுகிறது, அம்மாவின் கைவைத்தியத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் சின்னப் பிள்ளைக்கு முதலில் உப்பு சர்க்கரைக் கரைசல், அப்புறம்தான் மற்றது.

மாவிலை? பழுத்த இலையால் பல் தேய்த்தால் வாய் நாறாது என்று பாலக்காட்டில் சொல்வார்கள். நானும் தேய்த்திருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இலையிலும் அதே பால் இருக்கிறது. மற்றவர்கள் தேய்க்கட்டும், உங்கள் மகளுக்கு மட்டும் வேண்டாம்.

மோரை நிறுத்தச் சொல்லி அம்மாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வெயில் காலத்தில் மோர் நல்லதுதான்.