அக்காட்ட கேளுங்க: பட்டன் கண் வச்ச அம்மா

கேள்வி: அக்கா, பேர் போட வேணாம், கல்லடி எண்டு மட்டும் போடுங்க. போன சனிக்கிழமை டவுன்ல ஒரு தியேட்டர்ல சின்னாக்களுக்கு ஸ்பெஷல் ஷோ எண்டு நோட்டீஸ் குடுத்தாங்க, அதில நீல முடியோட மஞ்சள் ரெயின்கோட் போட்ட ஒரு பொம்பிளப் புள்ள, பக்கத்தில கறுப்புப் பூனை, பாக்கவே வடிவா இருந்திச்சு, கார்ட்டூன் தானே எண்டு மகள் ஒன்பது வயசு மகன் ஆறு வயசு ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு இரவு ஷோக்குப் போனன். படம் கோரலைன், ஒரு சின்னக் கதவால போற புள்ளைக்கு அந்தப் பக்கம் தன்ட அம்மா மாதிரியே இன்னொரு அம்மா இருக்கிற கதை. அந்த மற்ற அம்மா கண்ணுக்குப் பதிலா பட்டனோட திரும்பிச் சிரிக்க என்ட கையப் புடிச்சவன், கல்லடிப் பாலம் தாண்டி வீட்ட வந்து சேரும்வரைக்கும் விடல்ல. இடையில எழும்பி வருவம் எண்டா மகள் முடிவு பாக்காம வரமாட்டன் எண்டுட்டாள். இப்ப இரவில எழும்பி என்ட கண்ணத் தொட்டுத் தொட்டுப் பாக்கிறான். திங்கக்கிழமை ஸ்கூல் சேர்ட் போடமாட்டன் எண்டு ஒரே அழுகை, அதில பட்டன் இருக்காம். அம்மா கோயில்ல நூல் கட்டிக்கொண்டு வந்து, கண்டதையும் காட்டிப் புள்ளய வெருட்டி வச்சிருக்காய் எண்டு என்னை ஏசுறா. நானும் வேலைக்குப் போறனான், வீட்ட வந்தும் லெப்டொப்போடதான், படத்தில வாற அந்தப் புள்ளட சொந்த அம்மா மாதிரியே. அதாலதான் இப்பிடிச் செய்றானோ எண்டு மனசு குத்துது அக்கா.

பதில்: தங்கச்சி, அம்மாட ஏச்சக் காதில போட்டுக்கொள்ளாதீங்க, நூலும் கிடக்கட்டும், அவனுக்கு அது தைரியம் எண்டா ஏன் கழட்டுவான். குறை சொல்லுறதெண்டா நோட்டீஸ் அடிச்சவங்களச் சொல்லலாம். 2009ல இந்தப் படம் வரக்குள்ள அமெரிக்காவில குடுத்தது பீஜி எண்ட சர்டிபிகேட், தாய் தகப்பன் யோசிச்சுக் கூட்டிக்கொண்டு போங்க எண்டுதான் அர்த்தம், அத ஒரு வரி போட இடமில்லாமலா போச்சு? பொம்மை வடிவா இருந்தா சின்னப் புள்ளப் படம் எண்டு நம்மட சனமும் நம்பிடுது.

வடிவா இருக்கிறதுதான் இதில வில்லங்கமே. கொன்ராட் லோரன்ஸ் எண்ட விஞ்ஞானி 1943ல எழுதினார், பெரிய தலை, உருண்ட கன்னம், பெரிய கண், இதுகளக் கண்டா மனுசருக்கு தூக்கிக் கொஞ்சச் சொல்லும் எண்டு, கார்ட்டூன் காரர் எல்லாம் பிழைக்கிறது அந்தக் கண்ண வச்சுத்தான். இந்தப் படம் சரியா அந்த இடத்திலதான் கைவைக்குது, கண்ண எடுத்துப்போட்டு பட்டனத் தைக்குது. அதுவும் பேய்க்கு இல்ல, நல்லா சமைச்சுப் போட்டு, சிரிச்சுக் கதைக்கிற ஒரு அம்மாவுக்கு. பல்லுக் காட்டுற பேயக் கண்டா புள்ள அம்மாட்ட ஓடிவரும், அம்மா மாதிரியே ஒண்டு வந்து நிண்டா எங்க ஓடுற? அதான் ஒங்கட கண்ணத் தொட்டுப் பாக்கிறான். தொடட்டும். நித்திர கெடுது எண்டு கைய மட்டும் தட்டி விட்டிராதீங்க.

ஆறு வயசுக் காரனுக்கு “அது சும்மா, பொய்” எண்டு சொல்லி ஒரு பிரயோசனமும் இல்ல, அந்த வயசில பொய்யெண்டு தெரிஞ்சாலும் பயம் போகாது, மடியில வச்சிரிக்கிறது, ஒரு கப் பால், சின்ன லைட், இதுதான் வேலை செய்யும். பட்டனுக்கு ஒரு வேலை சொல்றன், பழைய பட்டன் டப்பாவ எடுத்து அவன்ட முன்னால கொட்டுங்க, கலர் பிரிக்கட்டும், நீங்க ஊசியில நூலக் கோத்துக் குடுத்து ஒரு பழைய துணியில அவனையே ஒண்டு தைக்கச் சொல்லுங்க, கண்ணாத்தான் தைக்கப்போறன் எண்டா அதுவும் சரி. அவன்ட கையில இருக்கிற பட்டனுக்கு அவன் வெருள மாட்டான். அதுவரைக்கும் ஸ்கூலுக்கு ரீசேர்ட்டில விட ஏலுமா எண்டு டீச்சரிட்ட ஒருக்காக் கேளுங்க.

மகளுக்கு வேற மருந்து, அவளுக்கு அந்தப் படத்த எப்பிடி எடுத்தாங்க எண்டு காட்டுங்க. அந்த ரெயின்கோட் புள்ள ஒரு அடிக்கும் குறைஞ்ச பொம்மை, ஒவ்வொரு முகபாவத்துக்கும் 3டி பிரிண்டர்ல முகம் அச்சடிச்சு மாத்தி மாத்திப் போட்டிருக்காங்க, ஒரு செக்கனுக்கு 24 படம், கொஞ்சம் அசைக்கிற, ஒரு படம் எடுக்கிற, திரும்பக் கொஞ்சம் அசைக்கிற, ஒரு ஆள் கிழமை முழுக்க மெனக்கெட்டாலும் சில செக்கன்தான் தேறும். மரத்தில பூத்துக் கிடந்த றோஸ் கலர்ப் பூவெல்லாம் என்னெண்டு நினைக்கிறீங்க, கலர் அடிச்ச பொப்கோர்ன்! நீங்க தியேட்டர்ல கொறிச்ச அதே சாமான். இத அவளே தம்பிக்குச் சொல்லட்டும், நாம சொல்றத விட அவள் சொன்னா நம்புவான்.

லெப்டொப் விசயம். படத்தில அந்த அம்மாவும் அப்பாவும் தோட்டத்தப் பத்தி எழுதுறாக்கள், மண்ணில கால் வைக்கிறதே பிடிக்காது, சமையலும் வாயில வைக்க ஏலாது. ஆனா அந்தப் புள்ள உயிரக் குடுத்துத் திரும்பப் போறது வேலையே கதியெண்டு கிடக்கிற அந்தச் சொந்த அம்மாவத் தேடித்தான். மகளிட்டக் கேட்டுப் பாருங்க, முடிவு பாத்தவள் அவள்தானே. ஒரு மாசம் தாண்டியும் நித்திர இல்ல, சாப்பாடு குறைஞ்சிட்டு, படுக்கையில மூத்திரம் போறான் எண்டா மட்டும் டொக்டரிட்டக் காட்டுங்க.

கேள்வி: வந்தாறுமூலை கெம்பஸ் பொடியன் நான். பேய்ப்படமெல்லாம் தனிய ரூம்ல இருந்து பாப்பன், இந்தக் கோரலைன் கார்ட்டூனுக்கு மட்டும் ஏன் முதுகு சில்லிடுது?

பதில்: தம்பி, மசாஹிரோ மோரி எண்ட ஜப்பான் ரோபோ பேராசிரியர் 1970லயே இதுக்கு ஒரு வரைபடம் கீறி வச்சிருக்கார். ஒரு ரோபோ மனுசர மாதிரி ஆக ஆக நமக்குப் புடிச்சுக்கொண்டே போகும், கிட்டத்தட்ட மனுசர் எண்ட இடத்துக்கு வந்ததும் அந்தப் புடிப்பு ஒரேயடியாப் பள்ளத்தில விழும். 2004ல வந்த போலார் எக்ஸ்பிரஸ் எண்ட கம்ப்யூட்டர் கார்ட்டூன் பாத்தவங்க அந்தப் புள்ளயள்ட கண்ணில உயிரில்ல எண்டு சொன்னதும் இதாலதான். அதோட நீர் பாத்தது கம்ப்யூட்டர்ல கீறினது இல்ல, உண்மையான துணி, உண்மையான முடி, உண்மையான நிழல், ஆனா தானா அசையக் கூடாத சாமான் அசையுது. பேய்ப்படத்தில பேய் வரும் எண்டு தெரிஞ்சு காத்துக்கொண்டிருப்பீர், இதுக்கு ஆயத்தமில்லாமப் போயிருப்பீர்.

கேள்வி: தம்பிலுவில்ல இருந்து எழுதுறன் மகள். வட்டக்களரியில விடிய விடிய கூத்துப் பாத்த ஆக்கள் நாங்க. அரக்கன் வரவுக்கு மத்தளம் விழுற அடியில நெஞ்சு நடுங்கும், ஒருத்தரும் நூல் கட்டல்ல. இந்தக் காலத்துப் புள்ளயள் கார்ட்டூனுக்கு வெருளுதுகளே?

பதில்: மாமா, அரக்கனா ஆடினவர் ஆரெண்டு ஒங்களுக்குத் தெரியும். மாசக்கணக்கா ஒத்திகை நடக்கும், அந்தாள் சாறனோட நிண்டு தாளம் பிழைச்சு கூத்துப் பழக்கிற அண்ணாவியாரிட்ட ஏச்சு வாங்கினதயும் வேலியில தொங்கிக்கொண்டு பாத்திருப்பீங்க, விடிஞ்சா மூஞ்சில பூச்சு காயாமலே வயலுக்குப் போவார். பயந்தா எழும்பிக் கச்சான் வாங்கப் போகலாம், நித்திர வந்தா அம்மம்மாட மடி. தியேட்டர்ல கும்மிருட்டு, கதவு சாத்தி, சத்தம் நாலு பக்கத்தாலயும் அடிக்குது, அரக்கன் ஆரெண்டு புள்ளைக்கு ஒருத்தரும் முன்கூட்டிக் காட்டல்ல. நூல் கட்டல்ல எண்டுறீங்க, எனக்கு அம்மம்மா கட்டினவ, கூத்துப் பாத்த அடுத்த நாள்தான்.

கேள்வி: கோரலைன் டிம் பர்ட்டன் எண்ட டைரக்டர்ட படம் எண்டு என்ட இவர் அடிச்சுச் சொல்றார். பந்தயம் ஒரு கொத்து ரொட்டி. அக்கரைப்பற்று.

பதில்: சாப்பிட்டு முடிச்சிட்டே சொல்லுங்க. எடுத்தவர் ஹென்றி செலிக். 1993ல அவர் எடுத்த நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ் படத்துக்கு கதை பர்ட்டன்ட, தயாரிப்பிலயும் இருந்தார், அதால செலிக் எடுக்கிறதெல்லாம் பர்ட்டன்ட கணக்கில போய் விழுது, பாவம் மனுசன்.

கேள்வி: அப்ப ஆறு ஏழு வயசுக்கு என்னதான் காட்டுற? களுவாஞ்சிகுடி.

பதில்: 1988ல வந்த டொட்டோரோ எண்ட ஜப்பான் கார்ட்டூனக் காட்டுங்க, பெரிய வயித்தோட காட்டுக்குள்ள இருக்கிற ஒரு உரோமச் சாமான், கெட்டவனே இல்லாத படம். அம்மா ஆஸ்பத்திரியில இருக்கிற கதை வரும், அத மட்டும் முதல்ல சொல்லி வைங்க. ஜப்பான் தியேட்டர்ல அது முதல் வரக்குள்ள ஒரே டிக்கட்டுக்கு இன்னொரு கார்ட்டூனும் சேத்துப் போட்டவங்க, யுத்தத்தில ஒரு அண்ணனும் தங்கச்சியும் பட்டினி கிடக்கிற கதை, கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ். அத புள்ளயள் படுத்தாப் பிறகு நீங்க தனியப் பாருங்க, அடுத்த நாள் லீவு இருந்தா நல்லம்.