ஒரே டோஸ் கதிர்ச்சிகிச்சை, ஒருவருக்கு மட்டும் தோல் உரிவது ஏன்? மரபணுவா?

மார்புப் புற்றுநோய்க்கு ஒரே அளவு கதிர் எடுத்த இருவரில் உங்கள் அக்காவுக்கு மட்டும் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. மரபணுதான் காரணமா, முன்பே டெஸ்ட் செய்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மரபணுவுக்கும் பங்கு உண்டு. ஆனால் எல்லோருக்கும் எடுத்துப் பார்த்து “உங்களுக்குத் தோல் உரியும்” என்று சொல்லும் டெஸ்ட் வழக்கத்தில் இல்லை.

என் சின்னம்மாவை வெள்ளவத்தையிலிருந்து மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன நாட்களில் நானும் இதைப் பார்த்தேன். கமக்கட்டு மடிப்புத்தான் முதலில் கறுத்தது, பிறகு ஈரமாக உரிந்தது. பிளவுஸ் போட முடியாமல் சித்தப்பாவின் பழைய பருத்திச் சட்டையோடு வருவார். கூடவே கரண்ட் (கதிர்ச்சிகிச்சை) பிடித்த ஒரு அன்ரிக்கு லேசான சிவப்போடு சரி. சாப்பாட்டில் கவனமில்லாமல் இருந்துவிட்டேன் என்று சின்னம்மா தன்னையே நொந்துகொள்வார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உங்கள் அக்காவும் அப்படி நினைத்தால், தயவுசெய்து நினைக்க விடாதீர்கள்.

கதிர் கலத்தின் டி.என்.ஏ. இழையை அறுக்கிறது. புற்றுநோய்க் கலம் அதைச் சரிவரத் தைக்க முடியாமல் சாகிறது. பக்கத்து நல்ல கலம் பெரும்பாலும் தைத்துக்கொள்கிறது. அந்தத் தையல் திறன் ஆளுக்காள் வேறு. இழை அறுந்ததும் கலத்தை உஷார்ப்படுத்துவது ஏ.டி.எம். என்ற மரபணு. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் அதன் பழுதான பிரதி வந்த பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே நடை தள்ளாடும், கண் வெள்ளையில் சிவப்பு நாளங்கள் தெரியும். வழமையான டோஸே அவர்களுக்கு ஆபத்து. மிக அரிய நோய்தான். ஆனால் சொந்தத்துக்குள் கலியாணம் செய்த குடும்பங்களில் இப்படிப் பிள்ளை பிறக்கும் வாய்ப்புக் கூடுகிறபடியால், உறவில் யாருக்காவது இருந்தால் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மற்றவர்கள் விஷயத்தில் கதை சிக்கலானது. 2012இல் 1,613 நோயாளிகளிடம், அதுவரை சந்தேகிக்கப்பட்ட 92 மரபணு மாற்றங்களைச் சோதித்தார்கள், ஒன்றும் உறுதியாகவில்லை. 2016இல் 5,456 மார்பு, புரஸ்டேட் புற்றுநோயாளிகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது ஏ.டி.எம்.மின் ஒரு மாற்றம் பக்கவிளைவைக் கொஞ்சம் கூட்டுவது தெரிந்தது. கொஞ்சம்தான். இப்படிப் பல சின்ன மாற்றங்கள் சேர்ந்தே வேலை செய்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதோடு மார்பின் பருமன், தோல் மடிப்பு, கீமோ, புகைத்தல் எல்லாமே கணக்கில் வரும்.

இன்னொரு பயமும் பலரிடம் இருக்கிறது: மார்புப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் இருந்தால் கதிர் தோலைக் கருக்கிவிடும் என்று. அப்படிப் பொதுவாகக் காணப்படவில்லை. புற்றுநோய் வராமல் காக்கும் டி.பி.53 மரபணுவில் பரம்பரை மாற்றம் உள்ளவர்களுக்குத்தான் கவலை வேறு. கதிர் பட்ட இடத்தில் பிறகு புதிய புற்றுநோய் வரலாம் என்பதால் முடிந்தால் கதிரைத் தவிர்ப்பார்கள். குடும்பத்தில் பலருக்கு இள வயதிலேயே புற்றுநோய் வந்திருந்தால் அதை முன்கூட்டியே சொல்வது இதற்காகத்தான்.

அக்காவுக்கு இன்னும் தவணைகள் மிச்சம் இருந்தால், புண்ணைப் பார்த்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நாட்கள் இழுபட்டால் சிகிச்சையின் பலன் குறையலாம். அன்றைக்கே நர்ஸ் மிஸ்ஸிடமோ டொக்டரிடமோ காட்டுங்கள். இடைவெளி விடுவதா, என்ன பூசுவது என்று அவர்கள் சொல்லட்டும். ஈர உரிதல் பெரும்பாலும் கடைசித் தவணைக்குப் பிறகு சில வாரங்களில் ஆறிவிடும். தோல் தடித்து இறுகுவது மட்டும் மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரலாம். அதனால் புண் ஆறியபிறகும் கிளினிக் திகதிகளைத் தவறவிட வேண்டாம்.