மூன்று நாள் லீவில் உகந்தை, குமண: அம்மாவோடும் பிள்ளைகளோடும் போகலாமா?

கேள்வி: திருகோணமலையில் இருக்கிறோம். ஜூலையில் மூன்று நாள் லீவு. பாசிக்குடாவும் அறுகம்பேயும் பார்த்தாயிற்று. கஷ்டப்பட்டுப் போனாலும் பரவாயில்லை, அதிகம் பேர் போகாத இடமாக வேண்டும். குடும்பிமலை ஏறலாமா என்று யோசிக்கிறோம். எழுபது வயது அம்மாவும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் வருகிறார்கள். சொந்த வான் இருக்கிறது.

பதில்: குடும்பிமலையை இந்த முறை விடுங்கள். கிரானில் இருந்து வெயிலுக்குள்ளால் நெடுந்தூரம் உள்ளே போய், பிறகு கல்லில் ஏற வேண்டும். அம்மா வானுக்குள்ளேயே குந்தியிருக்க வேண்டி வரும். ஏறக்கூடியவர்கள் மட்டும் இன்னொரு கோடையில் போங்கள். மாரியில் கிரான் பக்கம் வெள்ளம் மேவிவிடும்.

உங்களுக்கு நான் சொல்வது உகந்தையும் அதை ஒட்டிய குமணக் காடும். முதல் நாள் முழுக்க ஓட்டம்தான்: வாகரை, மட்டக்களப்பு, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில். இரவு அங்கேயோ அறுகம்பேயிலோ தங்கி, விடிய முன்னம் பாணமை வழியாக வெளிக்கிடுங்கள். டீசல், தண்ணீர், பிள்ளைகளுக்குச் சாப்பாடு எல்லாம் பொத்துவிலிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். பாணமைக்கு அங்கால் கடையை நம்பிப் போகக் கூடாது.

உகந்தை முருகன் கோயில் கடலோரப் பாறையடியில் இருக்கிறது. முருகனும் வள்ளியும் வந்திறங்கிய ஓடங்கள் கல்லாகிக் கிடக்கின்றன என்பது ஐதீகம். கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் காட்டுக்குள் இறங்குவதும் இங்கிருந்துதான். அந்தக் காட்டுப்பாதை திறக்கும் நாட்கள் வழக்கமாக ஜூன் கடைசி, ஜூலைப் பக்கம் வரும். திகதியை முதலே விசாரியுங்கள். சனக்கூட்டம் இருக்கும், ஆனால் அன்னதானமும் இருக்கும். அம்மாவுக்கு அந்த நாட்கள்தான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். கடலில் மட்டும் பிள்ளைகளை இறக்க வேண்டாம். பாசிக்குடா மாதிரி இடுப்பளவுத் தண்ணீர் அல்ல, அலை இழுக்கும்.

குமண தேசியப் பூங்காவின் வாசல் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முன்பு யால கிழக்கு என்றார்கள். போர்க்காலத்தில் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. உள்ளே உங்கள் வான் சரிவராது. அறுகம்பேயிலோ பாணமையிலோ முதல் நாளே ஜீப் பேசி வையுங்கள். சொல்லும் காசுக்குள் நுழைவுச் சீட்டும் அடங்குமா, அரை நாளா முழு நாளா என்று தெளிவாகக் கேளுங்கள். அடையாள அட்டையை மறக்க வேண்டாம், உள்ளூர்க்காரருக்குக் கட்டணம் குறைவு.

பார்க்க வேண்டியது குமண வில்லு. கும்புக்கன் ஓயா என்ற ஆற்றின் தண்ணீர் வந்து தேங்கும் கண்டல் சூழ்ந்த சதுப்பு அது. நாரை, கொக்கு, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் சித்திரைக்குப் பிறகு அங்கே கூடு கட்டும். ஜூலை முற்பகுதியில் போனால் நல்லது. பிந்தினால் குஞ்சுகள் பறந்துவிடும். சிறுத்தை காட்டுகிறேன் என்று ஆசை காட்டும் ஜீப்காரரை விடுங்கள். வில்லுக்கரையில் எஞ்சினை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் பேசாமல் நிற்கச் சம்மதிப்பவரைப் பிடியுங்கள். பொழுது சாய முன்னம் பாணமைக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த றோட்டில் இருட்டில் யானை நிற்கும், தூரத்தில் தெரியாது.

இங்கினியாகலைக்குப் போய் சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தில் படகில் யானை பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். நல்ல இடம்தான், தீவுக்குத் தீவு யானை நீந்திப் போவதைக் காணலாம். மூன்று நாளுக்குள் அதையும் திணித்தால் பிள்ளைகள் வானுக்குள் வாந்தியெடுப்பதுதான் மிஞ்சும். நாலாவது நாள் கிடைத்தால் மட்டும் பாருங்கள்.

திரும்பும் வழியில் மண்டூருக்குப் போங்கள். சின்னக்கதிர்காமம் என்று பெயர்பெற்ற முருகன் கோயில். பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார். களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்துக் குருமண்வெளித் துறையில் இருந்து வாவியைக் கடக்கும் பாதையில், அதாவது வாகனமும் ஆட்களும் ஏறும் மிதவையில், போகலாம். பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டு. வானை ஏற்றுவார்களா, கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்பதைத் துறையில் கேளுங்கள். பாதை ஓடாவிட்டால் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போகலாம்.