கேள்வி நேரம்: ஒரே வாரத்தில் இரண்டு வெள்ளி

கேள்வி: அலாஸ்காவில் 1867 அக்டோபர் 6 வெள்ளிக்கிழமையாம், மறுநாள் அக்டோபர் 18, அதுவும் வெள்ளிக்கிழமையாம். பேத்தியின் புத்தகத்தில் இப்படி இருக்கிறது. அச்சுப்பிழைதானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அல்சூர், பெங்களூரு

பதில்: பிழை இல்லை ஐயா. அலாஸ்கா ரஷ்யாவிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறியபோது இரண்டு திருத்தங்களை ஒரே நாளில் செய்ததால் வந்தது இது. ரஷ்யாவின் கையில் இருந்தவரை அலாஸ்காவில் பழைய ஜூலியன் நாட்காட்டிதான். 1700, 1800 போன்ற நூற்றாண்டு வருடங்களையெல்லாம் அது லீப் வருடமாக எண்ணும். இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியனோ 400-ஆல் வகுபடும் நூற்றாண்டை மட்டுமே அப்படி எண்ணும். அதனால் 19-ஆம் நூற்றாண்டில் ஜூலியன் 12 நாள் பின்தங்கிக் கிடந்தது. (1900-இல் இன்னொரு நாள் சேர்ந்து 13 ஆனது. ரஷ்யாவின் 'அக்டோபர்' புரட்சியை நவம்பர் 7-இல் கொண்டாடுவது அதனால்தான்.)

அடுத்தது தேதிக்கோடு, அதாவது ஒரு பக்கம் ஒரு தேதி, மறுபக்கம் அடுத்த தேதி என்று உலகைப் பிரிக்கும் கோடு. ரஷ்யர்கள் சைபீரியா வழியாகக் கிழக்கு நோக்கி வந்தவர்கள். ஆசியாவின் கிழமையையும் கூடவே கொண்டுவந்தார்கள். அமெரிக்கர்களின் கிழமை அதற்கு ஒரு நாள் பின்னால்.

இனி காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 6 வெள்ளிக்கு மறுநாள் 7, சனி. 12 கூட்டினால் 19, சனி. தேதிக்கோடு அலாஸ்காவுக்கு மேற்கே நகர்ந்ததால் ஒரு நாள் கழிக்க வேண்டும்: 18, வெள்ளி. பலர் 6-உடன் நேரே 12-ஐக் கூட்டி 18 என்று நிறுத்திவிடுகிறார்கள். விடை தற்செயலாகச் சரிதான், ஆனால் கிழமை ஏன் மாறவில்லை என்று பேத்தி கேட்டால் மாட்டிக்கொள்வார்கள்! அந்த 18-ஆம் தேதிதான் அலாஸ்காவின் அன்றைய தலைநகரான சிட்காவில் கொடி மாறியது. ரஷ்யக் கொடி இறங்க மறுத்துக் கம்பத்துக் கயிற்றில் சிக்கிக்கொண்டது. ஆளை மேலே ஏற்றித்தான் எடுத்தார்கள்.

கேள்வி: அலாஸ்காவை அமெரிக்கர்கள் ஏக்கர் 2 சென்ட்டுக்கு வாங்கினார்கள் என்பது உண்மையா?
– வாசகி, ஜெயநகர்

பதில்: உண்மை. 72 லட்சம் டாலர், சுமார் 37½ கோடி ஏக்கர், வகுத்துப் பாருங்கள். இங்கே சென்ட் என்பது காசு, நம் ஊர்ப் பத்திரத்தில் வரும் நில அளவு இல்லை. ஒப்பந்தம் 1867 மார்ச் 30-இல், காசோலை 1868 ஆகஸ்டில். பணம் வருவதற்கு முன்பே நிலத்தை ஒப்படைத்துவிட்டார்கள். இன்று பெங்களூருவில் யாராவது செய்வார்களா?

கேள்வி: அலாஸ்கா எண்ணெய்க் குழாயைப் புதைக்காமல் பாதி தூரம் கால்மேல் நிறுத்தியது ஏன்?
– டர்னர் (லேத் தொழிலாளி), பீனியா

பதில்: புதைத்தால் குழாய் வளைந்துவிடும் என்பதால். அலாஸ்காவின் வட கரையிலுள்ள புருடோ விரிகுடாவில் கிணற்றிலிருந்து எண்ணெய் சூடாக வருகிறது. அடியிலோ நிரந்தரமாக உறைந்த மண். சூடு பட்டால் அதிலுள்ள பனிக்கட்டி உருகிச் சேறாகும். மண் ஓரிடத்தில் அதிகமும் ஓரிடத்தில் குறைவாகவும் அமுங்கும். ஆகவே 800 மைல் நீளத்தில் சுமார் 420 மைல் தரைக்கு மேலே, ஏறக்குறைய 78,000 தாங்கு கால்களில் போகிறது. குழாயின் விட்டம் 48 அங்குலம்.

உங்கள் தொழிலுக்குப் பிடித்த இடம் அந்தக் கால்கள்தான். உருகும் ஆபத்துள்ள இடங்களில் கால்களுக்குள் அமோனியா அடைத்த மூடிய குழாய்கள் உண்டு. குளிர்காலத்தில் காற்றைவிட மண் சூடு அதிகம். அந்தச் சூட்டில் அமோனியா கொதித்து ஆவியாக மேலேறும், உச்சியிலுள்ள தகட்டிதழ்களில் குளிர்ந்து திரவமாகி உள்சுவரோடு இறங்கும். பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். கோடையில் மேல்பக்கம் சூடாக இருப்பதால் சுழற்சி தானே நின்றுவிடும்; வெளிச்சூடு மண்ணுக்குள் போகாது.

குழாய் கோணல்மாணலாகப் போவது, வெப்பத்தில் நீளும்போது பக்கவாட்டில் நகர இடம் கொடுக்க. டெனாலி நிலப்பிளவை (இருபக்கப் பாறைகளும் உரசி நகரும் கோடு) கடக்கும் இடத்தில் நீண்ட குறுக்கு உத்தரங்கள்மேல் வழுக்கும்படி வைத்தார்கள். 2002 நவம்பர் 3-இல் அங்கே 7.9 அளவு நிலநடுக்கம். நிலம் சுமார் 14 அடி பக்கவாட்டில் விலகியது. சில தாங்கிகள் சேதமாயின, குழாய் மட்டும் உத்தரத்தின்மேல் வழுக்கிக்கொண்டது. ஒரு சொட்டு எண்ணெய்கூடச் சிந்தவில்லை.